தீர்ப்பும் திருத்தமும்

ஒரு கருத்துத் தவறானதென முடிவு செய்வதற்கு இருவேறு வழிகள் உலகில் வழங்கி வருகின்றன. ஒன்று, சான்றுக்கு எதிரே சான்றை நிறுத்தி அக்கருத்தைத் திருத்துவது. மற்றொன்று, கருத்தைக் கூறியவரை அவையின் முன் நிறுத்தித் தீர்ப்பளிப்பது. முன்னையது மெல்ல நிகழ்வது, ஆரவாரமற்றது, பெரும்பாலும் கூறியவர் மறைந்த பின்னரே முற்றுப்பெறுவது. பின்னையது விரைந்து நிகழ்வது. வாக்குகளை எண்ணி ஒரே மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடியது. இவ்விரண்டும் ஒன்றே எனவும், தீர்ப்பும் ஒருவகைத் திருத்தமே எனவும் கருதுவோர் சமய நிறுவனங்களில் மட்டுமன்றிப் பல்கலைக்கழகங்களிலும் இலக்கியக் குழாங்களிலும் உளர். ஒரு நூல் தம் மனத்துக்கு ஒவ்வாதபோது அதற்கு மறுப்பெழுதுவதை விடுத்து, எழுதியவரின் பதவியை நோக்கிக் கைநீட்டுவதே இவர்தம் வழக்கம். இவர்தம் எண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதை அறிய விரும்புவோர்க்கு, பண்டைய இஸ்ரவேலரின் சமயத்தை ஆராய்ந்த வில்லியம் றொபேட்சன் சிமித் என்பாரின் வரலாற்றைப் போலத் தெளிவான சான்று பிறிதொன்று கிடைப்பதரிது.

றொபேட்சன் சிமித் 1846ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் அபடீன் மாவட்டத்தில், சுதந்திரத் திருச்சபையின் குருவொருவருக்கு மகனாகப் பிறந்தவர். அத்திருச்சபையின் வரலாறே ஈண்டு நினைவுகூரற்பாலது. அரசும் நிலவுடைமையாளரும் குருமாரை நியமிப்பதில் தலையிடலாகாது என்று கூறி, 1843ஆம் ஆண்டு 400க்கு மேற்பட்ட குருமார் தம் வீட்டையும் வருவாயையும் துறந்து வெளியேறி அமைத்த சபை அது. மனச்சான்றின் சுதந்திரத்தைப் பெயரிலேயே தாங்கியது. அச்சபையின் அபடீன் கல்லூரி 1870ஆம் ஆண்டு, இருபத்துநான்கு வயதும் நிரம்பாத சிமித்தை எபிரேய மொழிக்கும் பழைய ஏற்பாட்டுக்கும் பேராசிரியராக நியமித்தது. எடின்பரோவில் பௌதிகவியற் பேராசிரியர் தெயிற்றுக்கு உதவியாளராயிருந்து கணிதத்திலும் திறமை காட்டியவர். ஜேர்மனியின் பொன், கெற்றிங்கன் ஆகிய நகரங்களிற் பயின்றவர். எல்லாவற்றுக்கும் மேலாக ஆழ்ந்த விசுவாசி. ஐயவாதியோ நாத்திகரோ அல்லர் என்பது மனங்கொளத்தக்கது. அவர்மீது வழக்குத் தொடுத்தோரும் அதனை மறுத்திலர்.

வழக்குக்கு மூலமாயமைந்தது 1875ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையொன்று. பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் ஒன்பதாம் பதிப்பில் ‘விவிலியம்’ என்னுந் தலைப்பில் அவர் எழுதியது அது. ஐரோப்பிய ஆய்வாளர் பலகாலமாக ஆராய்ந்து கண்டவற்றை அக்கட்டுரை சுருக்கிக் கூறியது. மோசே எழுதியனவாக மரபு கூறும் ஐந்து நூல்கள் ஒருவரால் ஒருகாலத்தில் எழுதப்பட்டன அல்ல. அவற்றுள் உபாகமம் மோசேயின் காலத்துக்குப் பன்னூறு ஆண்டுகள் பிற்பட்டது. தீர்க்கதரிசிகளின் போதனையைச் சட்டவடிவில் அமைத்து, அச்சட்டத்தை மோசேயின் வாய்மொழியாக உரைப்பது அக்காலத்து இலக்கிய மரபுக்கு ஏற்புடையதேயன்றி மோசடியன்று. இதுவே அவர் கூறியதன் சாரம். ஜேர்மானிய அறிஞர் டி வெற்றே 1805ஆம் ஆண்டிலேயே உபாகமத்தை யூதேய மன்னன் யோசியா ஏறத்தாழ கி.மு. 621இல் நிகழ்த்திய சீர்திருத்தத்தோடு தொடர்புபடுத்தியிருந்தார். எடின்பரோவில் சிமித்தின் ஆசிரியராயிருந்த டேவிட்சனும் இத்தகைய ஆய்வுமுறையையே வகுப்பறையில் எச்சரிக்கையோடு போதித்து வந்தார். ஆசிரியர் மெல்லக் கூறியதை மாணாக்கர் உரக்கக் கூறினார், அதுவே வேறுபாடு.

இக்கருத்து வெறும் ஊகத்தின்பாற் பட்டதோவெனின், அன்று. அதன் அடிப்படை விவிலியத்துக்குள்ளேயே கிடக்கின்றது. யாத்திராகமத்தின் இருபதாம் அதிகாரம், கடவுள் தம் நாமத்தை விளங்கச்செய்யும் எவ்விடத்திலும் மண்ணாற் பலிபீடம் அமைத்து வழிபட இடந்தருகின்றது. உபாகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரமோ, கடவுள் தெரிந்துகொள்ளும் ஓரிடத்திலன்றிப் பிறிதெங்கும் பலியிடலாகாதெனக் கண்டிப்பாகத் தடைசெய்கின்றது. இரண்டும் ஒரே மனிதர் ஒரே தலைமுறைக்குக் கொடுத்த சட்டங்களாயின், சாமுவேல் ஊரூராகப் பலியிட்டதும், கர்மேல் மலையில் இடிந்துகிடந்த பலிபீடத்தை எலியா செப்பனிட்டதும் எங்ஙனம்? கடவுளின் சட்டத்தை அவ்விருவரும் அறிந்திலரோ, அறிந்தும் மீறினரோ? இவ்வினாவுக்குச் சிமித் கூறிய விடை எளிமையானது: ஓரிடத்து வழிபாடு என்னுஞ் சட்டம் அவர்கள் காலத்தில் இருந்ததில்லை. இவ்விடை தீர்க்கதரிசிகளைப் பழியினின்றும் காக்கின்றது. மரபுவழி விளக்கமோ அவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றது. விவிலியத்துக்கு இழுக்குத் தேடியவர் யார் என்பதைப் படிப்போர் முடிவுசெய்யலாம்.

1876ஆம் ஆண்டு முறைப்பாடுகள் எழுந்தன. ஐந்தாண்டுகள் குழுக்களிலும் மன்றங்களிலும் வாதம் நடந்தது. மறைமுகமான முணுமுணுப்புக்கு இடங்கொடாது, முறைப்படி குற்றப்பத்திரம் தாக்கல் செய்யுமாறு சிமித்தே கோரினார். பல குற்றச்சாட்டுகளோடு தொடங்கிய வழக்கு, அவருடைய மறுமொழிகளின் முன் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, ஈற்றில் உபாகமம் பற்றிய ஒன்றிலேயே வந்து நின்றது. 1880ஆம் ஆண்டு மே மாதம் கூடிய பொதுச்சபை, மிகச் சிறு வாக்கு வேறுபாட்டால் அவரை எச்சரித்து மீண்டும் ஆசிரியப்பணிக்கு அனுமதித்தது. ஆயின் சின்னாட்களுள் கலைக்களஞ்சியத்தின் அடுத்த தொகுதி வெளிவந்தது; அதில் ‘எபிரேய மொழியும் இலக்கியமும்’ என்னும் அவரது கட்டுரை இடம்பெற்றிருந்தது. எதிர்த்தோர் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர். இடைக்காலத்தில் அவர் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் நிகழ்த்திய பொதுவிரிவுரைகளைக் கேட்கச் சராசரியாக 1,800 பேர் திரண்டனர். மக்கள் செவிசாய்த்தனர், சபை செவிசாய்க்கவில்லை. 1881ஆம் ஆண்டு மே மாதம் பொதுச்சபை அவரைப் பேராசிரியர் பதவியினின்றும் நீக்கியது.

எதன்பொருட்டு நீக்கியது என்பதே இவ்வழக்கின் உயிர்நிலை. அவர் சமயத்துரோகி என்று நிறுவப்பட்டதோ? இல்லை. குருத்துவம் பறிக்கப்பட்டதோ? அதுவுமில்லை, அவர் இறுதிவரை அச்சபையின் குருவாகவே இருந்தார். ஆசிரியராக அவர்மீது சபைக்கு நம்பிக்கை இல்லாதுபோயிற்று என்பதே கூறப்பட்ட காரணம். குற்றம் நிறுவப்படாதபோது நம்பிக்கையின்மையைக் குற்றமாக்குவது அதிகாரத்தின் பழைய தந்திரம். குற்றத்துக்குச் சான்று வேண்டும்; நம்பிக்கையின்மைக்கு வாக்கு மட்டும் போதும்.

சபையின் சார்பிற் பேசுவோர் இன்றும் ஒரு நியாயத்தை முன்வைப்பர். அதனை அதன் முழு வலிமையோடும் நோக்குதலே நேர்மையாகும். ‘ஒரு திருச்சபை தன் பிள்ளைகளின் கொடையிலிருந்து கல்லூரி நடத்துகின்றது. நாளைய குருமாரை உருவாக்கும் அக்கல்லூரியில் என்ன போதிக்கப்படவேண்டும் என்று விதிக்கும் உரிமை அதற்கு உண்டு. ஆய்வுச் சுதந்திரம் வேண்டுவோர் வேறிடம் செல்லலாம், சிமித்தும் சென்றாரே!’ என்பர். உரிமை உண்டு என்பது ஒப்புக்கொள்ளத்தக்கதே. ஆயின் அவ்வுரிமைக்கு அளவுகோலும் உண்டு. சபை தன் ஆசிரியர்க்கு விதித்த அளவுகோல் வெஸ்ற்மின்ஸ்ரர் விசுவாச அறிக்கை. அதற்கு மாறாக யாது கூறினார் என்று காட்டுமாறு சிமித் ஐந்தாண்டுகள் கேட்டார். காட்ட இயலாத சபை, அளவுகோலையே மடித்து வைத்துவிட்டு வாக்கெடுத்தது. தான் விதித்த விதியைத் தானே மீறுவது உரிமையாகாது. மேலும், மாணவர்க்குத் தீங்கு நேரும் என அஞ்சுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: யாத்திராகமமும் உபாகமமும் முரண்படுவதைக் கண்டுபிடித்தவர் சிமித் அல்லர், அது அந்நூல்களைக் கருத்தூன்றிப் படிக்கும் எவருக்கும் தென்படும். பேராசிரியரை அகற்றலாம், அதிகாரங்களை அகற்றலாகுமோ?

இத்தகைய வினாக்கள் கல்லூரிகளுக்குள்ளிருந்து மட்டும் எழவில்லை என்பதையும் நோக்கவேண்டும். தென்னாபிரிக்காவின் நேற்றாலில் ஆங்கிலிக்க ஆயராயிருந்த கொலென்சோ, சூலு மக்களுக்கு விவிலியத்தை மொழிபெயர்க்கையில், அவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு நேர்மையான விடை கூறவியலாது திகைத்தே 1862ஆம் ஆண்டு தம் ஆய்வு நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். மறுமொழியாகக் கிடைத்தது 1863ஆம் ஆண்டின் பதவிநீக்கத் தீர்ப்பே. பெருவெள்ளத்தின்போது எல்லா விலங்குகளும் ஒரு பேழையுட் புகுந்தனவோ என்று ஒரு சூலு மனிதன் கேட்ட கேள்விக்கு இலண்டனின் கோபம் விடையாகாது.

காலம் சபையின் தீர்ப்பை என் செய்தது? 1900ஆம் ஆண்டு சுதந்திரத் திருச்சபையின் பெரும்பகுதி பிறிதொரு சபையோடு இணைந்து ஐக்கிய சுதந்திரத் திருச்சபையாயிற்று. 1902ஆம் ஆண்டு ஜோர்ஜ் அடம் சிமித் என்னும் மற்றொரு பேராசிரியர்மீது, ஏறத்தாழ அதேவகைக் கருத்துகளைக் கூறினார் என்ற முறைப்பாடு எழுந்தது. இம்முறை பொதுச்சபை வழக்கெடுக்க மறுத்துவிட்டது. வழக்கு வேண்டாமென வாதித்தவர்களுள் முதன்மையானவர் யார் எனின், 1881இல் றொபேட்சன் சிமித்தின் நீக்கத்துக்குத் தலைமை தாங்கிய அதே ரெயினி என்பதே வியப்பு. இடைப்பட்ட 21 ஆண்டுகளில் கடவுளின் வார்த்தை மாறிவிட்டதோ? மாறியது சபையின் துணிவு மட்டுமே. 1881இல் ஆபத்தெனப்பட்டது 1902இல் பொறுத்துக்கொள்ளத்தக்கதாயிற்று. பின்னர் குருமார் பயிலும் கல்லூரிகள் பலவற்றிற் பாடமுமாயிற்று. றொபேட்சன் சிமித்தோ 1894ஆம் ஆண்டிலேயே, நாற்பத்தேழாவது வயதில், காசநோயால் மறைந்துவிட்டார். தீர்ப்பு அவரைச் சேர்ந்தது. அதன் மறுபரிசீலனை அவரைச் சேரவில்லை.

இதுவரை கூறியது வழக்கின் ஒருபாதியே. சிமித் நியாயமானவர், சபை அநியாயமானது என்று கூறி முடித்துவிடின், அது துதிபாடலாகுமேயன்றி ஆராய்ச்சியாகாது. சிமித் தவறியும் உள்ளார், பெரிதாகவே தவறியுள்ளார். ஆயின் அவர் தவறிய இடங்களும் அவர்மீது குற்றம் சுமத்தப்பட்ட இடங்களும் ஒன்றல்ல. இதுவே ஆழ்ந்து சிந்திக்கவேண்டியது.

பதவி இழந்த சிமித் 1883ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜிற் அரபு மொழிப் பேராசிரியரானார். கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியராகி 1888ஆம் ஆண்டு அதனை நிறைவுசெய்தார். அவ்வாண்டு முதல் அபடீனில், அவர் நீக்கப்பட்ட கல்லூரி இருந்த அதே நகரில், நிகழ்த்திய விரிவுரைகளே 1889ஆம் ஆண்டு ‘செமித்தியரின் சமயம்’ என்னும் பெருநூலாக வெளிவந்தன. பண்டைச் சமயங்களை அறிய விரும்புவோர் கோட்பாட்டைத் தேடலாகாது, சடங்கைத் தேடவேண்டும் என்பதே அந்நூலின் மையக்கருத்து. மனிதர் முதலிற் செய்தனர். பின்னரே செய்வதற்கு விளக்கம் கூறினர். விளக்கம் காலந்தோறும் இடந்தோறும் மாறலாம், செயல் நிலைத்திருக்கும். சமயம் தனிமனிதரின் ஆன்ம ஈடேற்றத்துக்காக அன்றிச் சமூகத்தின் கட்டுக்கோப்புக்காகவே எழுந்தது. பலி என்பது தெய்வத்துக்குக் கொடுக்கும் காணிக்கையன்று. தெய்வமும் குலத்தாரும் ஒருங்கிருந்து உண்டு உறவைப் புதுப்பிக்கும் விருந்து. பிறேசர் 1890இல் தம் ‘பொற்கிளை’ நூலைச் சிமித்துக்கே காணிக்கையாக்கினார். 1912இல் டேர்க்கைமும் 1913இல் புரொய்டும் எழுதிய நூல்கள் இக்கருத்துகளின்மேல் எழுப்பப்பட்டவை. சமயத்தைச் சமூக நிகழ்வாக நோக்கும் ஆய்வுமுறைக்கு வித்திட்டவர்களுள் அவர் முதன்மையானவர்.

ஆயின் அப்பெருமாளிகையின் தூணொன்று மணலின்மீது நின்றது. பலி ஆதியில் குலமரபு விலங்கைக் கூடியுண்ட விருந்தே என்பதற்கு அவர் பெரிதும் சார்ந்திருந்தது, நீலுஸ் என்பார் பெயரில் வழங்கும் கிரேக்கக் கதையொன்றை. சீனாய்ப் பாலைவனத்துச் சரசேனியர், விடிவெள்ளி எழும் வேளையில் ஒட்டகத்தைக் கற்குவியலின்மேற் கட்டி, பாடிக்கொண்டு மும்முறை சுற்றிவந்து, வெட்டி வீழ்த்தி, கதிரவன் எழுமுன் அதன் பச்சை இறைச்சியைத் தின்று முடிப்பர் என்பது அக்கதை. கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளை நிலைக்களமாகக் கொண்ட இதனை, அதற்கும் ஆயிரமாண்டு முற்பட்ட இஸ்ரவேலரின் பலிக்கு மூலமாதிரியாக அவர் கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் ஹொய்சி என்னும் அறிஞர் அந்நூலை ஆராய்ந்து, அது நேர்ச்சான்றன்று, புனைகதைப் பண்பு மிக்கது என்று காட்டினார். 1965ஆம் ஆண்டு மானிடவியலறிஞர் எவன்ஸ்-பிரிச்சாட், சிமித்தின் இக்கோட்பாட்டுக்கு ஆதாரம் இன்மையை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார்.

இரண்டாவது தவறு முறைபற்றியது. பாலைவனத்து அரேபியர் காலத்தால் மாறாதவர் என்றும், அவர்தம் வழக்கங்களில் ஆதிச் செமித்தியரின் சமயம் அப்படியே உறைந்துள்ளது என்றும் அவர் கருதினார். இக்கருத்தின்மேல் 1929ஆம் ஆண்டு முதல் மண்வெட்டிகள் வீழ்ந்தன. சிரியாவின் கடற்கரையில், ராஸ் ஷம்ரா எனப்படும் மேட்டின்கீழ், உகாரித் என்னும் பண்டை நகரும் அதன் களிமண் ஏடுகளும் வெளிப்பட்டன. கி.மு. பதினான்காம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளுக்குரிய அவ்வேடுகள் ஏல், பாகால், அதிரத் முதலிய தெய்வங்களின் கதைகளையும் சடங்கு விதிகளையும் கூறுகின்றன. இஸ்ரவேலரின் மொழிக்கும் பலிச் சொற்கள் சிலவற்றுக்கும் நெருங்கிய உறவு, ஒட்டகத்தைப் பச்சையாகத் தின்ற நாடோடிகளிடமன்று, நெல்லும் கோதுமையும் அறிந்த நகரங்களிலோ என்று வினவின், நெல்லை நீக்கிவிட்டு ஆம் எனலாம்: கோதுமையும் ஒலிவமும் திராட்சையும் விளைத்த கானானிய நகரங்களின் ஏடுகளிலேயே அவ்வுறவு காணக்கிடந்தது. எழுத்தறிந்த நகரமே மூலத்துக்கு அண்மையில் நின்றது.

மூன்றாவது தவறே மிகக் கொடியது. அது அவருக்கு மட்டும் உரியதுமன்று. சடங்கே சமயத்தின் தொடக்கம் என்று கண்ட சிமித், அச்சடங்கைக் கடந்து செல்வதே சமயத்தின் வளர்ச்சி என்றும் கருதினார். குருத்துவமும் தூய்மைவிதியும் கீழ்ப்படி. தீர்க்கதரிசிகளின் அறவுரை மேற்படி. சீர்திருத்தக் கிறித்தவம் உச்சிப்படி. உணவிலும் உடலிலும் தீட்டுப் பார்க்கும் லேவியராகம விதிகள் அவருக்கு ஆதி அச்சத்தின் எச்சங்களாகவே தோன்றின. அவர் நண்பர் வெல்ஹவுசன் 1878ஆம் ஆண்டு வெளியிட்ட இஸ்ரவேல் வரலாற்று நூலிலும் இதே படிக்கட்டுக் காணப்படுகின்றது: தன்னியல்பான பழஞ்சமயம், பின்னர்த் தீர்க்கதரிசனம், ஈற்றில் உயிரற்ற குருத்துவச் சட்டம். யூத மக்களின் இரண்டாயிரமாண்டு வாழ்வு இப்படிக்கட்டில் வீழ்ச்சியாகவே காட்டப்பட்டது. இதனைக் கண்டு வெகுண்ட யூத அறிஞர் சொலமன் ஷெக்ரர் 1903ஆம் ஆண்டு நிகழ்த்திய உரையில், ‘உயர் விமர்சனம்’ என வழங்கும் இவ்வாய்வு யூத வெறுப்பின் உயர்வடிவமே எனச் சாடினார். அவருடைய சினத்தில் மிகை உண்டு, உண்மையும் உண்டு. 1937ஆம் ஆண்டு முதல் யெஹெஸ்கேல் கௌப்மன் எபிரேய மொழியிற் பல தொகுதிகளாக எழுதிய இஸ்ரவேல் சமய வரலாறு, குருத்துவச் சட்டம் பிற்காலத்து நலிவின் விளைவன்று, உபாகமத்துக்கும் முற்பட்டது என வாதித்தது. 1966ஆம் ஆண்டு மேரி டக்ளஸ், சிமித் எச்சமென ஒதுக்கிய தூய்மைவிதிகளில் ஒழுங்கானதோர் உலகநோக்கு உண்டெனக் காட்டினார். 1978ஆம் ஆண்டு எட்வேட் சயீத், சிமித்தின் அரேபியப் பயணக் குறிப்புகளில் ஐரோப்பிய ஆதிக்கப் பார்வை எங்ஙனம் ஊடுருவியுள்ளது என்பதை அம்பலப்படுத்தினார்.

இத்தவறுகளுள் ஒன்றையாயினும் 1881ஆம் ஆண்டின் பொதுச்சபை சுட்டியதோ? ஒன்றையேனும் சுட்டவில்லை, சுட்டவும் இயலாது. ஏனெனின், சடங்கு இழிந்தது, உள்ளச் சமயமே உயர்ந்தது என்பதில் சிமித்தும் அவருடைய நீதிபதிகளும் ஒருமனப்பட்டிருந்தனர். யூதரும் அரேபியரும் ஐரோப்பியக் கிறித்தவருக்குக் கீழ்ப்படியினர் என்பதில் அவர்களிடையே கருத்து வேற்றுமை இருந்ததில்லை. அவர் கண்ட உண்மைக்காக அவரைத் தண்டித்தனர். அவர் கொண்ட தவறைத் தாமும் கொண்டிருந்தமையால் அது தவறென்றே உணர்ந்திலர். தீர்ப்பு வழங்கும் அவைக்கு இயல்பாயமைந்த குறை இது. அவை தனக்கு அந்நியமானதையே காணும். தனக்கும் குற்றவாளிக்கும் பொதுவான பிழையை அது காணாது. அப்பிழையைக் காண யூதரும், மானிடவியலாளரும், பாலஸ்தீனத்திற் பிறந்தவரும், அகழ்வாய்வாளரும் வரவேண்டியிருந்தது. அவர்களுள் எவரும் சிமித்தின் பதவியைக் கேட்கவில்லை. அவருடைய சான்றையே கேட்டனர்.

சடங்கை இழிவென்று கருதிய இந்நோக்கு ஸ்கொத்லாந்தோடு நின்றுவிட்டதன்று. யாழ்ப்பாணத்திலும் அது பள்ளிக்கூடம் நடத்தியது. கோயில், தீபம், தூபம், நீராட்டு, தீட்டு என்பவற்றை அஞ்ஞானமெனப் பழித்த மிசனரிமாருக்கு மறுமொழியாக ஆறுமுக நாவலர் 1854ஆம் ஆண்டு ‘சைவதூஷணபரிகாரம்’ எழுதினார். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர் அவர். பழைய ஏற்பாட்டை வரிவரியாக அறிந்தவர். நீங்கள் பழிக்கும் பலிபீடமும் விளக்கும் தூபமும் சுத்திகரிப்பும் உங்கள் வேதத்திலேயே கடவுளால் விதிக்கப்பட்டுள்ளனவே என்று அவர் திருப்பிக் கேட்டார். நாவலர் செய்தது கண்டனமேயன்றி வரலாற்றாய்வன்று; நூல்களின் காலத்தை அவர் ஆராயவில்லை. ஆயினும் லேவியராகமத்தை எச்சமென ஒதுக்காது, அதனை வாழும் வழிபாடொன்றின் ஒழுங்காக அவராற் காண முடிந்தது. சடங்கோடு வாழ்ந்தவர் கண்டதைச் சடங்கைத் துறந்த பேரறிஞர் காணத் தவறினார். ஆய்வுக்குப் பலருடைய கண்கள் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சிமித் சரியாகக் கண்டதைக் காலம் எங்ஙனம் உறுதிசெய்தது என்பதையும் கூறுதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் எலிபந்தைன் தீவிலிருந்து அராமேய ஆவணங்கள் வெளிவந்தன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த யூதப் படைவீரர் தம் கடவுளுக்கு ஒரு கோயிலே வைத்திருந்தனர். அது கி.மு. 410இல் இடிக்கப்பட்டபோது, அதனை மீளக் கட்ட எருசலேமின் தலைமைக் குருவுக்கே எழுதி உதவி வேண்டினர், கி.மு. 407இல் யூதேயாவின் ஆளுநருக்கும் விண்ணப்பித்தனர். ஓரிடத்தன்றிப் பலியிடலாகாது என்னுஞ் சட்டம் மோசே காலந்தொட்டு எல்லா இஸ்ரவேலரும் அறிந்ததாயின், தம் குற்றத்தை எருசலேமுக்கே எழுதி உதவி கேட்கும் பேதைமை எவர்க்கும் வராது. பின்னர் 1975, 1976ஆம் ஆண்டுகளில் சீனாயின் குந்திலத் அஜ்ருத் என்னுமிடத்தில் செயெவ் மெஷெல் நிகழ்த்திய அகழ்வில், ஏறத்தாழ கி.மு. 800ஐச் சேர்ந்த பெருந்தாழிகள் கிடைத்தன. சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அஷேராவாலும் ஆசி கூறுகின்றேன் என்னும் பொருள்பட அவற்றில் எழுதப்பட்டிருந்தது. அஷேரா என்பது தேவியோ, வழிபாட்டுச் சின்னமோ என்று அறிஞர் வாதிடுகின்றனர். எதுவாயினும், ஏட்டில் விதிக்கப்பட்ட சமயம் வேறு, நாட்டில் நிலவிய சமயம் வேறு என்பது கல்லைப்போல் உறுதியாயிற்று. கோட்பாட்டைத் தேடாதே, மக்கள் செய்ததைத் தேடு என்ற சிமித்தின் அறிவுரைக்கு அவரே கண்டிராத சான்று இது.

ஈற்றில், இவ்வரலாற்றைத் தவறாகப் பயன்படுத்தும் மற்றொரு சாராரையும் கண்டித்தல் வேண்டும். விவிலியத்தின் நூல்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டன என்று கேட்டவுடன் கைகொட்டி மகிழ்வோர் உளர். பிறர் வேதத்தின்மீது வைத்த அளவுகோலைத் தம் நூல்மீது வைக்குமாறு கேட்டால் அவர்கள் முகம் கடுக்கின்றது. மோசேயின் பெயரில் உபாகமம் எழுந்தது என்பதை உடனே நம்புவோர், கடவுளரே புலவராய் வீற்றிருந்து பல்லாயிரமாண்டு நடத்திய முச்சங்கம் என்று இறையனார் அகப்பொருளுரை கூறுவதைக் கேள்வியின்றி ஏற்பின், அது ஆய்வாகாது. வேறு உடை தரித்த அதே பொதுச்சபையாகும். சிமித்தின் பெருமை தம் எதிரிகளின் வேதத்தை ஆராய்ந்ததிலன்று. தாம் நம்பிய, தாம் போதித்த, தாம் நேசித்த வேதத்தை ஆராய்ந்ததில் உள்ளது. பிறர் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்குத் துணிவு வேண்டியதில்லை.

ஆய்வாளரின் முடிவு தவறாயிருத்தல் கூடும். பெரும்பாலும் ஒருபகுதி தவறாகவே இருக்கும். அத்தவறைக் களைய மனிதகுலம் கண்ட வழி ஒன்றே: மேலும் ஆராய்தல். நீலுஸின் ஒட்டகத்தை விரட்டியது எடின்பரோவின் வாக்கெடுப்பன்று; கிரேக்க ஏட்டை மீண்டும் விரித்துப் படித்த ஒருவரின் பொறுமை. பாலைவன மாயையைக் கலைத்தது தீர்மானமன்று. ராஸ் ஷம்ராவின் மண். 1881ஆம் ஆண்டின் தீர்ப்பு ஒரு தவறையும் திருத்தவில்லை. ஒரு நாற்காலியை வெறுமையாக்கியது, அவ்வளவே. நூலொன்றைக் கண்டு சினங்கொள்வோர், எழுதியவரின் நாற்காலியை நோக்கு முன் அந்நூலின் சான்றை நோக்குவாராக. சான்று பொய்யாயின் மறுப்பு எழுதட்டும். மெய்யாயின் வாக்கெடுப்பால் ஆவதொன்றில்லை.